வாக்குச்சீட்டை வரைவது யார்?

நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. ஜூன் மாதப் பிரைமரி தேர்தலுக்குச் சில நாள் முன்னால் வாக்காளர் வீடுகளுக்கு ஒரு மாதிரி வாக்குச்சீட்டு தபாலில் வரும். சில ஆண்டுகளுக்கு முன் வந்த சீட்டு ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட பெரிய தாள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பதவிகள்: செனட்டர், நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர், கவுண்டி ஆணையர், நகர மன்ற உறுப்பினர், கடைசியில் கட்சியின் உள்ளூர்க் கமிட்டி. வலப்புறம் பத்தி பத்தியாக வேட்பாளர்கள். அந்தப் பத்திகளில் ஒன்று மட்டும் மேலிருந்து கீழ்வரை நிரம்பியிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர், எல்லாப் பெயருக்கும் மேலே கட்சி அமைப்பின் ஒரே முழக்கம். பக்கத்துப் பத்தியில் செனட்டர் பதவிக்கு ஒரே ஒரு பெயர். அதற்குக் கீழே அடிவரைக்கும் வெற்றுக் கட்டங்கள். அதற்கும் அப்பால் சில சமயம் முழுப் பத்தியே காலி. அதையும் தாண்டி, தாளின் ஓரத்தில், அதே செனட்டர் பதவிக்கு நிற்கும் இன்னொருவர்.

நிரம்பிய அந்தப் பத்திக்குத்தான் ‘கவுண்டி லைன்’ என்று பெயர். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. அங்குள்ள கட்சி அமைப்பு யாரை ஆதரிக்கிறதோ அவர்கள் எல்லோரும் செனட்டரிலிருந்து கமிட்டி உறுப்பினர்வரை ஒரே பத்தியில் சேர்ந்து நிற்பார்கள். ஓரத்துக் கட்டங்களுக்கு அந்த மாநிலத்து அரசியல்காரர்கள் வைத்த பெயர் ‘சைபீரியா’. நியூ ஜெர்சியின் 21 கவுண்டிகளில் 19-இல் பல பத்தாண்டுகளாக இதுதான் நடைமுறையாக இருந்தது. மற்ற 49 மாநிலங்களில் பதவியின் பெயரைப் போட்டு, அதற்குப் போட்டியிடும் எல்லோரையும் அதன் கீழேயே வரிசையாக அச்சிடுகிறார்கள். ஒரு மாநிலத்தில் மட்டும் சீட்டின் வடிவமே வாக்காளரிடம் ‘இவருக்குப் போடு’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விருப்ப மனு கொடுத்து, நேர்காணலுக்குப் போய், தலைமை வெளியிடும் பட்டியலுக்குக் காத்திருக்கும் முறைக்குப் பழகியவர்கள் நாம். கட்சியின் வேட்பாளரைக் கட்சி வாக்காளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்க முறையைக் கேள்விப்படும்போது நமக்கு ஏக்கம்கூட வரும். பிரைமரி இருந்தால் கட்சி மேலிடத்தின் பிடி போய்விடும் என்று நினைக்கிறோம். போவதில்லை. பிடி இடம் மாறுகிறது. எங்கே மாறுகிறது, அதில் எது நியாயம், எது அநியாயம் என்று பிரித்துப் பார்க்க நியூ ஜெர்சியின் அந்தத் தாள் நல்ல தொடக்கம்.

பிரைமரி முறை பிறந்ததே கட்சி முதலாளிகளின் கையிலிருந்து சீட்டைப் பிடுங்குவதற்காகத்தான். விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபொலெட் 1903-இல் மாநிலம் முழுவதற்குமான நேரடிப் பிரைமரி சட்டத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் தந்தார்கள். நியூ ஜெர்சியில் அந்தப் போராட்டத்தின் நாயகன் உட்ரோ வில்சன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த அவரை 1910-இல் ஆளுநர் வேட்பாளராக்கியவர் நெவார்க் நகரத்துக் கட்சி முதலாளி ஜேம்ஸ் ஸ்மித். வில்சன் வென்றதும், முன்னாள் செனட்டரான ஸ்மித் தனக்கு மீண்டும் செனட் பதவி வேண்டும் என்றார். அப்போது செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். ஆனால் அந்த ஆண்டு செனட் பதவிக்கு ஒரு பிரைமரியும் நடந்திருந்தது. சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்தாத, பெயரளவுக்கான பிரைமரி அது. அதில் வென்றவர் ஜேம்ஸ் மார்ட்டின். வாக்காளர்கள் மார்ட்டினைத்தானே சொன்னார்கள், அவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று வில்சன் தன்னை ஏற்றிவிட்டவரையே எதிர்த்து நின்றார். சட்டமன்றம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தது. 1911-இல் பிரைமரியை முறைப்படுத்தும் சட்டமும் வந்தது. அதே மாநிலத்தில்தான் பின்னாளில் கவுண்டி லைன் வேரூன்றியது. பிரைமரி தேர்தலை யாரும் ஒழிக்கவில்லை. சீட்டை வரையும் வேலையில் கட்சிக்கு ஓர் இடம் கிடைத்தது, அது போதுமானதாக இருந்தது.

அந்த இடம் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். சீட்டை வடிவமைப்பவர் கவுண்டி கிளார்க். நம் ஊர்க் குமாஸ்தா அல்ல. மக்கள் வாக்களித்து, கட்சியின் பெயரில் தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரி. ஒரே முழக்கத்தின் கீழ் சேர்ந்து நிற்க விரும்பும் வேட்பாளர்களை ஒரே பத்தியில் போடலாம் என்றது சட்டம். யாருக்கு எந்தப் பத்தி என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். கேட்பதற்கு இது எல்லோருக்கும் பொதுவான விதி. ஆனால் ஒவ்வொரு பதவிக்கும் ஆள் நிறுத்தி முழுப் பத்தியை நிரப்பும் பலம் கட்சி அமைப்புக்கு மட்டுமே உண்டு. தனியாக வருபவர் குலுக்கலில்கூட முதலிடத்துக்கு வர முடியாதபடி பின்னுக்குத் தள்ளப்படுவார். சில சமயம் முகம் தெரியாத வேறொரு பதவி வேட்பாளரோடு ஒரே பத்தியில் அடைக்கப்படுவார். ஒரு மனிதர் ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கி மனுத்தாக்கல் செய்த பிறகு, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தன் ஆதரவாளர்களுக்கே விளக்கப்படம் போட்டுக் காட்ட வேண்டிய நிலை.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியா சாஸ் ரூபின் இதை எண்களில் காட்டினார். ஒரே வேட்பாளர் ஒரு கவுண்டியில் லைனில் இருப்பார், அடுத்த கவுண்டியில் அவருடைய போட்டியாளர் இருப்பார். இரண்டு இடத்திலும் அவர் பெற்ற வாக்கு விகிதத்தை ஒப்பிட்டபோது இடைவெளி சராசரியாக 30 சதவீதப் புள்ளிகளைத் தாண்டியது. இந்த இடைவெளி முழுவதையும் தாளின் வடிவம் உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. கட்சி ஆதரவோடு பணமும் ஆட்களும் கூடவே வருகிறார்கள். ஆனாலும் பெயர் அச்சாகும் இடம் வாக்கை மாற்றும் என்பது வேறு பல மாநிலத் தேர்தல்களிலும் உறுதிப்பட்ட செய்தி. ஸ்டான்ஃபோர்டின் ஜான் க்ரோஸ்னிக் பெயர் வரிசையின் விளைவை நெடுங்காலம் ஆராய்ந்தவர்.  நம் நாட்டில் வேட்பாளர்களை அங்கீகரிக்கப்பட்ட கட்சியினர், பதிவு பெற்ற பிற கட்சியினர், சுயேச்சைகள் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் அகர வரிசையில் போடுகிறார்கள். வரிசை விஷயத்தில் எந்தக் கட்சியும் வாயைத் திறக்க முடியாது. சின்ன விதிதான், அதன் அருமை நியூ ஜெர்சியைப் பார்க்கும்போது புரிகிறது.

வழக்குக்கு வருவோம். 2023 செப்டம்பரில் நியூ ஜெர்சி செனட்டர் பாப் மெனெண்டஸ் மீது ஊழல் குற்றச்சாட்டு பதிவானது. மறுநாளே அந்த இடத்துக்குப் போட்டியிடப்போவதாக அறிவித்தார் ஆண்டி கிம். கொரியாவிலிருந்து குடியேறியவர்களின் மகன், அப்போது கீழவை உறுப்பினர். 2021 ஜனவரி 6 கலவரம் முடிந்த இரவில் நாடாளுமன்ற மண்டபத்தில் மண்டியிட்டுக் குப்பை பொறுக்கிய படத்தால் நாடறிந்தவர். நவம்பரில் டாமி மர்ஃபி களத்துக்கு வந்தார். அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றிராதவர். அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபியின் மனைவி. அவர் அறிவித்த சில நாள்களுக்குள் பெர்கன், கேம்டன், எசெக்ஸ், ஹட்சன் போன்ற பெரிய கவுண்டிகளின் கட்சித் தலைவர்கள் ஆதரவு தெரிவித்துவிட்டார்கள். நியூ ஜெர்சி ஆளுநரின் கையில் இருக்கும் அதிகாரம் பெரிது: நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், வாரிய உறுப்பினர்கள் என நியமனங்கள் அவர் வழியாகவே நடக்க வேண்டும். கவுண்டித் தலைவர்கள் அந்த வாசலை ஒவ்வொரு வாரமும் தட்ட வேண்டியவர்கள்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். யாருக்கு லைன் என்பதை முடிவு செய்யும் முறை கவுண்டிக்குக் கவுண்டி வேறு. சில இடங்களில் கமிட்டி உறுப்பினர்கள் மாநாடு கூட்டி ரகசிய வாக்கெடுப்பு நடத்துவார்கள். சில இடங்களில் தலைவர் ஒருவர் சொன்னால் முடிந்தது. 2024 பிப்ரவரியில் மான்மத் கவுண்டியில் முதல் மாநாடு கூடியபோது கிம் வென்றார். தொடர்ந்து ரகசிய வாக்கெடுப்பு நடந்த பல கவுண்டிகளிலும் அவரே வென்றார். அதாவது, கட்சியின் அடிமட்ட நிர்வாகிகளைத் தனியறையில் கேட்டால் ஒரு பதில். தலைவர்கள் அவர்கள் பெயரில் பேசினால் வேறொரு பதில். ‘கட்சியின் விருப்பம்’ என்று நாம் சொல்லும்போது எந்தக் கட்சியைச் சொல்கிறோம் என்ற கேள்வி அந்தக் குளிர்காலத்தில் ஊரறிய எழுந்தது.

பிப்ரவரி இறுதியில் கிம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கவுண்டி லைன் தனக்கும் சில இடங்களில் கிடைத்திருந்தும், அது இருக்கவே கூடாது என்று கேட்டார். மார்ச் 17 அன்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் மேத்யூ பிளாட்கின், இந்தச் சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டது என்று தன்னால் வாதாட முடியாது எனக் கடிதம் எழுதினார். அவரை நியமித்தவர் ஆளுநர் மர்ஃபிதான். மார்ச் 24 அன்று டாமி மர்ஃபி விலகினார். கிம்முக்கு இனிப் பலமான போட்டியே இல்லை, வழக்கைக் கைவிட்டிருக்கலாம், கைவிடவில்லை. மார்ச் 29 அன்று நீதிபதி ஜாஹித் குரைஷி, ஜனநாயகக் கட்சியின் ஜூன் பிரைமரிக்கு லைன் முறையில் சீட்டு அச்சடிக்கத் தடை விதித்தார். இவ்வளவு குறுகிய காலத்தில் சீட்டை மாற்ற முடியாது என்று கிளார்க்குகள் சொன்னார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏப்ரலில் தடையை உறுதி செய்தது. சீட்டு மாறியது. குடியரசுக் கட்சியின் பிரைமரி அந்த ஆண்டு பழைய வடிவத்திலேயே நடந்தது. தடை அதைத் தொடவில்லை. 2025 மார்ச்சில் வந்த புதிய சட்டம் இரு கட்சிக்கும் லைனை முடித்துவைத்தது.

லைனை ஆதரித்தவர்களிடம் ஒரு வாதம் இருந்தது. ஒரு கட்சி என்பது சங்கம். தன் சார்பில் யார் நிற்க வேண்டும் என்று சொல்ல அதற்கு உரிமை இல்லையா? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இதற்கான பதிலைத் தேடி டெக்சாஸ் போக வேண்டும், முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் பின்னால்.

1940-இல் ஹூஸ்டனைச் சேர்ந்த லானி ஸ்மித் என்ற கறுப்பினப் பல் மருத்துவருக்கு ஜனநாயகக் கட்சி பிரைமரியில் வாக்குச்சீட்டு தர மறுத்தார்கள். கட்சி என்பது தனியார் சங்கம், வெள்ளையர் மட்டுமே உறுப்பினர், சங்கத்தின் தேர்தலில் யார் வாக்களிப்பது என்பது சங்கத்தின் விருப்பம் என்பது அவர்கள் வாதம். அந்நாளைய டெக்சாஸில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் வென்றவர் நவம்பர் தேர்தலில் தோற்கமாட்டார். பிரைமரிதான் தேர்தல். அதிலிருந்து விலக்கப்பட்டவர்க்கு வாக்குரிமை இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். ஸ்மித்துக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் முதன்மையானவர் தர்குட் மார்ஷல். 1944 ஏப்ரல் 3 அன்று நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: அரசு நடத்தும் தேர்தல் இயந்திரத்தின் ஒரு பகுதியாகிவிட்ட பிரைமரி, தனியார் விவகாரம் ஆகாது.

தீர்ப்பு வந்த பிறகும் டெக்சாஸின் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் ஒரு சந்து திறந்திருந்தது. 1889-இல் தொடங்கிய ‘ஜேபேர்ட்’ என்ற வெள்ளையர் சங்கம், பிரைமரிக்கு முன்பே தன் செலவில் ஒரு தேர்தல் நடத்தும். அதில் வென்றவர் பிரைமரியில் நிற்பார். அவரை எதிர்த்து அநேகமாக யாரும் நிற்கமாட்டார்கள். பிரைமரி சட்டப்படி எல்லோருக்கும் திறந்தே இருந்தது, ஆனால் அது கூடுவதற்கு முன்பே முடிவு வெளியாகியிருக்கும். சங்கம் அரசிடம் ஒரு காசு வாங்கவில்லை, ஒரு சட்டத்தின் உதவியையும் நாடவில்லை. ஆனாலும் 1953-இல் உச்ச நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது.

ஜேபேர்ட் சங்கத்தையும் நியூ ஜெர்சியின் கவுண்டித் தலைவர்களையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. முன்னது இனவெறியின் ஆயுதம். பின்னதில் கறுப்பினத் தலைவர்களும் பெண்களும் லைன் வழியாகவே பதவிக்கு வந்ததுண்டு. ஆனால் இரண்டும் நமக்குச் சொல்லும் ஒரு செய்தி பொதுவானது: கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது, கதவுக்கு முன்னால் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும்.

பின்னாளில் அதே தர்குட் மார்ஷல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1989-இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு வழக்கு வந்தது. பிரைமரியில் யாருக்கும் ஆதரவு தெரிவிக்கக் கூடாது என்று கட்சி அமைப்புகளுக்கு அந்த மாநிலம் தடை விதித்திருந்தது. அந்தத் தடை கட்சியின் பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று ரத்து செய்த தீர்ப்பை எழுதியவர் மார்ஷல். பிரைமரி தனியார் சொத்தல்ல என்று 1944-இல் வாதாடிய அதே மனிதர், பிரைமரியில் கட்சி வாய் திறக்கலாம் என்று 1989-இல் எழுதினார். இதில் முரண்பாடு ஏதும் எனக்குத் தெரியவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் எல்லை எங்கே இருக்கிறது என்பது புலப்படுகிறது. கட்சி தன் விருப்பத்தை உரக்கச் சொல்லலாம், அதற்காக ஊரெல்லாம் பிரசாரம் செய்யலாம், பணம் செலவிடலாம். ஆனால் அரசு அச்சடித்து வாக்காளர் கையில் கொடுக்கும் தாளில் அந்த விருப்பத்தை வரைய முடியாது. அந்தத் தாள் வாக்காளருடையது.

இந்த எல்லைக்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதிபர் வேட்பாளர் தேர்வைப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும். 1968-இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். வியட்நாம் போரை எதிர்த்து யூஜீன் மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும் பிரைமரிகளில் மோதினார்கள். கலிஃபோர்னியாவில் வென்ற இரவில் கென்னடி சுடப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளில் பெரும்பாலோர் மாநிலக் கட்சித் தலைவர்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். உள்ளே ஹம்ஃப்ரி தேர்வானார். வெளியே தெருவில் இளைஞர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்தக் காயத்திலிருந்து பிறந்தவை மெக்கவர்ன்–ஃப்ரேசர் குழுவின் விதிகள். அதன் பிறகுதான் பிரைமரி வாக்கு உண்மையில் வேட்பாளரைத் தீர்மானிக்கத் தொடங்கியது.

1972-இல் அந்த விதிகளின்படி வென்ற மெக்கவர்ன் 49 மாநிலங்களில் நிக்சனிடம் தோற்றார். கட்சிப் பெரியவர்கள் பதறி, 1982-இல் ஜிம் ஹண்ட் தலைமையிலான குழுவின் வழியாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் ஆகியோருக்கு மாநாட்டில் தம் விருப்பப்படி வாக்களிக்கும் உரிமை. ‘சூப்பர் டெலிகேட்’ என்ற பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. 2016-இல் அவர்களின் எண்ணிக்கை 700-ஐத் தாண்டியது. முதல் மாநிலம் வாக்களிக்கும் முன்பே அவர்களில் பெரும்பகுதி ஹிலரி கிளிண்டன் பக்கம் சேர்ந்துவிட, பெர்னி சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். கிளிண்டன் பிரைமரிகளில் ஏறத்தாழ 37 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றே வென்றார் என்பதும் உண்மை. ஆனால் ஜூலையில் கட்சித் தலைமை அலுவலகத்தின் மின்னஞ்சல்கள் வெளியாகி, நடுநிலை காக்க வேண்டியவர்கள் சாண்டர்ஸைப் பற்றி உள்ளுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்தபோது, தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் பதவி விலக நேர்ந்தது. வெளிப்படையாக ஆதரித்திருந்தால் அது அரசியல். நடுவர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது துரோகமாகப் பட்டது. 2018-இல் கட்சி விதியை மாற்றியது: போட்டி இருக்கும் மாநாட்டில் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்டுகள் வாக்களிக்க முடியாது.

இதற்கு நேர்மாறான காட்சி 2020-இல் தென் கரோலினாவில் நடந்தது. ஜோ பைடன் அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். பணம் வற்றிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 26 அன்று அந்த மாநிலத்தின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் க்ளைபர்ன் மேடையேறி, தன் வாக்கு பைடனுக்கு என்றார். மூன்று நாள் கழித்து பைடன் 48 சதவீதத்துக்கு மேல் பெற்று வென்றார். க்ளைபர்னின் சொல் தங்கள் முடிவில் முக்கியமாக இருந்தது என்று வாக்களித்தவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்கள் கருத்துக் கணிப்பில் தெரிவித்தார்கள். அடுத்த இரு நாளில் போட்டியாளர்களான புட்டிஜஜும் க்ளோபுசாரும் விலகி பைடனை ஆதரித்தார்கள். மார்ச் 3 அன்று வாக்களித்த 14 மாநிலங்களில் பத்து பைடன் பக்கம். இதுவும் கட்சியின் செல்வாக்குதான், சொல்லப்போனால் கவுண்டி லைனைவிடப் பெரிய செல்வாக்கு. ஆனால் க்ளைபர்ன் சொன்னதைக் கேட்ட வாக்காளர் அதை ஏற்கலாம், தள்ளலாம். அவர் கையிலிருந்த சீட்டில் எல்லாப் பெயரும் ஒரே மாதிரிதான் இருந்தது. அரை நூற்றாண்டுக் காலம் தன்னோடு உழைத்த ஒரு தலைவரை நம்பி வாக்களிப்பதை ஏமாளித்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

கட்சிக்கு இன்னொரு பிடி நாள்காட்டி. எந்த மாநிலம் முதலில் என்பதைக் கட்சியே முடிவு செய்கிறது. 2024-க்காக ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. பதவியில் இருக்கும் அதிபர் மீண்டும் நிற்கும்போது போட்டியையே சுருட்டிவிடுவதும் உண்டு: 2020-இல் குடியரசுக் கட்சி தென் கரோலினா உள்ளிட்ட சில மாநிலங்களில் பிரைமரியை ரத்து செய்தது, 2024-இல் ஃபுளோரிடா ஜனநாயகக் கட்சி பைடன் பெயரை மட்டுமே அனுப்ப, அங்கே அக்கட்சியின் பிரைமரியே நடக்கவில்லை. இரண்டையும் நான் தவறு என்றே கருதுகிறேன். அதன் விலை அந்த ஜூலையில் தெரிந்தது. பைடன் விலகியதும் கமலா ஹாரிஸ் இரண்டு வாரத்தில் வேட்பாளரானார். அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகக் கோயிலில் வழிபாடு நடந்ததை நாமும் படித்தோம். திறமையான வேட்பாளர்தான், ஆனால் அந்த ஆண்டு எந்தப் பிரைமரியிலும் அவர் அதிபர் பதவிக்குப் போட்டியிடவில்லை. 2020-க்கான போட்டியிலும் முதல் மாநிலம் வாக்களிக்கும் முன்பே, 2019 டிசம்பரில் அவர் விலகியிருந்தார். பிரைமரி உரிய காலத்தில் உண்மையாக நடந்திருந்தால் வென்றாலும் தோற்றாலும் அவருக்கு அது பலமாக இருந்திருக்கும்.

பணத்தின் வழியாக நடப்பவை இன்னும் மறைவானவை. 2019-இல் ஜனநாயகக் கட்சியின் கீழவைப் பிரசாரக் குழு ஒரு விதி அறிவித்தது: பதவியில் இருக்கும் நம் எம்.பி.யை எதிர்த்துப் பிரைமரியில் நிற்பவருக்கு வேலை செய்யும் விளம்பர நிறுவனங்களுக்கும் ஆலோசகர்களுக்கும் குழுவின் ஒப்பந்தம் கிடையாது. எதிர்த்து நிற்பவரை யாரும் தடுக்கவில்லை. அவருக்குத் துண்டறிக்கை அடித்துத் தர ஆள் கிடைக்காமல் செய்தார்கள். எதிர்ப்பு வலுத்து 2021-இல் விதி கைவிடப்பட்டது. இந்த விதிக்குத் தூண்டுதலாக இருந்த சம்பவங்களில் ஒன்று 2018 ஜூனில் நியூயார்க்கில் நடந்தது. குவீன்ஸ் கவுண்டிக் கட்சித் தலைவரும் பத்து முறை எம்.பி.யுமான ஜோ க்ரௌலியை 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கார்ட்டெஸ் தோற்கடித்தார். அதற்கு முன் 14 ஆண்டுகள் க்ரௌலிக்குப் பிரைமரியில் போட்டியே இருக்கவில்லை. அந்தத் தேர்தலில் பதிவான மொத்த வாக்குகள் 30,000-ஐக்கூட எட்டவில்லை. கட்சி இயந்திரத்தின் பலம் எதில் இருக்கிறது என்பதை இந்த எண் காட்டிவிடுகிறது. கொஞ்சம் பேர் மட்டுமே வாக்களிக்கும் தேர்தலில், தன் ஆட்களை மட்டும் கொண்டுவந்து சேர்ப்பவர் வெல்வார்.

இதிலெல்லாம் எனக்கு மிகவும் வலித்த நிகழ்வு மிச்சிகனில் 2022-இல் நடந்தது. டிரம்ப்பின் மீதான பதவி நீக்கத் தீர்மானத்துக்கு வாக்களித்த பத்துக் குடியரசுக் கட்சி எம்.பி.க்களில் பீட்டர் மெய்ஜரும் ஒருவர். பிரைமரியில் அவரை எதிர்த்தவர் டிரம்ப் ஆதரவு பெற்ற ஜான் கிப்ஸ். அந்தப் போட்டியில் ஜனநாயகக் கட்சியின் பிரசாரக் குழு நான்கு லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு, கிப்ஸை உயர்த்தும் விளம்பரத்தை ஓடவிட்டது. நவம்பரில் தோற்கடிக்க எளிதான ஆள் என்பது கணக்கு. மெய்ஜர் தோற்றார்; நவம்பரில் ஜனநாயகக் கட்சி வென்றது. கணக்கு பலித்தது. ஆனால் தன் கட்சியையே பகைத்துக்கொண்டு மனசாட்சிப்படி வாக்களித்த ஒருவரை வீழ்த்த எதிர்க்கட்சி பணம் கொடுத்தது. ஜனநாயகத்தைக் காப்பதாகச் சொன்ன கட்சி இதைச் செய்திருக்கவே கூடாது.

கட்சியின் பிடி முழுக்கத் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 குடியரசுக் கட்சிப் போட்டியைக் காட்டுவார்கள். பிரைமரிக்கு முன்பே கட்சிப் பெரியவர்களின் ஆதரவு யார் பக்கம் திரள்கிறதோ அவரே வெல்கிறார் என்று நான்கு அரசியல் அறிஞர்கள் 2008-இல் ஒரு நூலில் வாதிட்டிருந்தார்கள். 2016-இல் அது பொய்த்தது. ஜெப் புஷ்ஷுக்காக 10 கோடி டாலருக்கு மேல் திரட்டப்பட்டும் அவருக்குக் கிடைத்தது நான்கு பிரதிநிதிகள். டிரம்ப் தென் கரோலினாவில் மூன்றில் ஒரு பங்கு வாக்குகூடப் பெறாமல் அங்கிருந்த 50 பிரதிநிதிகளையும் அள்ளினார். முதலில் வருபவருக்கே எல்லாம் என்ற அந்த விதியை வகுத்தது கட்சிதான். ஜனநாயகக் கட்சியைப் போல வாக்கு விகிதப்படி பிரதிநிதிகளைப் பங்கிடும் விதி இருந்திருந்தால் அந்த வசந்தகாலம் வேறு மாதிரி போயிருக்கக்கூடும். ஆகவே கட்சி பலவீனமாக இருந்தது என்ற கூற்றைக் கொஞ்சம் திருத்த வேண்டும். பெரியவர்கள் ஒருவர் பின்னால் திரளத் தவறினார்கள். அவர்கள் எழுதிய விதி வேறொருவருக்கு உதவியது.

இப்போது நியூ ஜெர்சிக்குத் திரும்பலாம். லைன் போனால் கட்சி அமைப்பே சிதறிவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். 2025 ஜூன் 10 அன்று, இரு கட்சிக்கும் லைன் இல்லாமல் நடந்த முதல் ஆளுநர் பிரைமரியில் ஜனநாயகக் கட்சி சார்பில் ஆறு பேர் போட்டியிட்டார்கள். இரண்டு பெருநகர மேயர்கள், இரண்டு எம்.பி.க்கள், ஓர் ஆசிரியர் சங்கத் தலைவர், ஒரு முன்னாள் மாநில செனட் தலைவர். ஆறு பெயரும் ஒரே பதவியின் கீழ். வென்றவர் மிக்கி ஷெரில். பல கவுண்டிக் கட்சி அமைப்புகளின் ஆதரவு பெற்றவர். பெற்ற வாக்கு மூன்றில் ஒரு பங்கு. நவம்பரில் அவர் ஆளுநராகவும் வென்றார். கட்சி ஆதரவு அழியவில்லை. ஆனால் அவர் கட்சி ஆதரவை வாக்காகத் தெருவில் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாம் இடம் பெற்ற நெவார்க் மேயர் ராஸ் பராகா பழைய தாளில் சைபீரியாவில் நின்றிருக்கக்கூடியவர். புதிய தாளில் ஷெரிலுக்குப் பக்கத்திலேயே நின்று ஐந்தில் ஒரு பங்கு வாக்கு வாங்கினார்.

எடிசனிலோ ஜெர்சி சிட்டியிலோ இருந்து இதைப் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாதிரிச் சீட்டு தபாலில் வரும்போது மேல் வரிசைப் பெயர்களோடு நிறுத்திவிடாதீர்கள். கமிட்டித் தேர்தல் நடக்கும் ஆண்டாக இருந்தால், தாளின் அடியில் உங்கள் வாக்குச்சாவடிப் பகுதிக்கான கட்சிக் கமிட்டி உறுப்பினர் இடங்கள் இருக்கும். கவுண்டித் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அவர்கள்தான். மாநாடு கூடும் கவுண்டிகளில் கட்சி ஆதரவு யாருக்கு என்று ரகசியமாக வாக்களிப்பவர்களும் அவர்களே. பல இடங்களில் அந்தக் கட்டத்துக்குப் போட்டியே இருப்பதில்லை, ஆளே இல்லாமலும் கிடக்கிறது. உங்கள் தெருவில் உள்ளவர்கள் சிலர் கையெழுத்துப் போட்டால் அங்கே உங்கள் பெயர் அச்சாகும்.